பாலார்ட்: தனி நகராக இருந்த ஊர் சியாட்டிலுக்குள் ஏன் போனது?

#1 நெடுவழி

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டரில் பாலார்ட் என்ற பகுதி இருக்கிறது. இன்று அது சியாட்டிலின் பேட்டைகளில் ஒன்று. 1890 முதல் 1907 வரை அது தனி நகராட்சியாக இருந்தது. தனக்கென மேயர், நகரமன்றம், காவல்துறை, கார்னகி அறக்கொடையில் 1904இல் கட்டிய நூலகம் என்று எல்லாம் வைத்திருந்தது. 1900 கணக்கெடுப்பில் 4,568 பேர். 1907இல் 17,000 பேர் என்கிறார்கள். அவ்வளவு வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர், 1907 மே 29 அன்று தன்னைத் தானே கலைத்துக்கொண்டு சியாட்டிலுடன் சேர்ந்தது.

அந்த நாளில் பாலார்ட் நகரமன்றக் கட்டடத்தில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. ஆனால் யாரும் படை நடத்தி வந்து பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய நவம்பரில் அந்த ஊரே வாக்களித்து எடுத்த முடிவு அது. ஆதரவு 996, எதிர்ப்பு 874. வித்தியாசம் 122 வாக்குகள்.

தன் கையாலேயே வாக்குப் போட்டுவிட்டுத் துக்கம் காத்த ஊர் என்பது என் மனத்தை விட்டு அகலவில்லை. காரணம் தண்ணீர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதுமா? இந்த ஊரின் வரலாற்றை அறிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். விரிவாக எழுதுங்கள்.

#2 உப்பங்கழி

தண்ணீர் என்பது சரியான பதில்தான், நெடுவழி. ஆனால் அது எப்படி நெருக்கியது என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் அந்தப் பதில் மெலிந்து தெரிகிறது.

1889 ஜூன் 6 அன்று சியாட்டிலின் வணிகப் பகுதி முழுவதும் தீக்கிரையானது. தீயணைக்கப் போதிய நீரழுத்தம் இல்லாமல் ஊர் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த மாதமே, நகராட்சி தானே தண்ணீர் வழங்கவேண்டும் என்று மக்கள் பெரும் ஆதரவோடு வாக்களித்தார்கள். அதன் பலன் வந்துசேரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. காஸ்கேட் மலையடிவாரத்தின் சீடார் ஆற்றிலிருந்து குழாயில் நீர் 1901 ஜனவரியில் சியாட்டிலுக்கு வந்தது. நகரப் பொறியாளர் ஆர். எச். தாம்சன் வருங்கால நகரத்தையும் கணக்கில் வைத்துத் திட்டமிட்டார். ஆகவே சியாட்டிலிடம் நல்ல நீர் இருந்தது, மிகுதியாகவும் இருந்தது.

பாலார்ட்டின் நிலை நேர்மாறு. கிணறுகளும் ஊற்றுகளும்தான் ஆதாரம். சில ஆயிரம் பேருக்கு அவை போதும். ஏழே ஆண்டுகளில் மக்கள் தொகை மூன்று மடங்குக்கு மேல் பெருகும்போது, கழிவுநீர்க் குழாய் சரியாக இல்லாத ஊரில், ஒவ்வொரு புதிய வீடும் பக்கத்துக் கிணற்றுக்கு ஆபத்து. நீர்த்தேக்கத்தில் செத்த குதிரை ஒன்று கிடந்தது என்ற கதையை இன்றும் பாலார்ட்டில் சொல்வார்கள். வாக்கெடுப்புச் சமயத்தில் யாரோ வேண்டுமென்றே போட்டார்கள் என்று சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. கதை எப்படியானாலும், தம் குடிநீரைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள் என்பதற்கு அது சாட்சி.

சியாட்டிலிடம் நீரை விலைக்கு வாங்கிக்கொண்டு தனி ஊராகவே இருக்கலாம் என்பதுதான் பலரின் விருப்பம். அண்டை ஊர்களுடன் தன் நீரைப் பகிரும் கடமை சியாட்டிலுக்கு இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியதும் அந்த வழி அடைபட்டது. சற்று முன்புதான் இணைப்பு வேண்டாம் என்று மறுத்திருந்த அதே ஊர், 1906 நவம்பரில் சரி என்றது. இந்த வரிசையைப் பாருங்கள். மறுப்பு, தீர்ப்பு, சம்மதம். இடையில் மக்களின் மனம் மாறிவிடவில்லை, இருந்த வழி மூடப்பட்டது.

#3 பழைய வரைபடம்

உப்பங்கழி சொன்னதை முற்றிலும் ஏற்கிறேன். ஆனால் கதையை 1901இல் தொடங்கினால் ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுப்போகிறது. பாலார்ட், குடியேறிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காடு திருத்தி உருவாக்கிய ஊர் அன்று. நிலக் கம்பெனி வரைந்த ஊர்.

1850களின் தொடக்கத்தில் ஐரா அட்டர் என்பவர், இன்றைய பாலார்ட்டின் தென்புறத்தை ஒட்டிய சால்மன் விரிகுடாவின் கரையில் நிலம் பதிவு செய்துகொண்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடிசைகள், அவற்றைச் சுற்றி அடர்காடு. எல்லாவற்றையும் மாற்றியது ரயில். 1873இல் நார்தர்ன் பசிபிக் கம்பெனி தன் பாதையின் கடைசி நிலையமாக டகோமாவைத் தேர்ந்தெடுத்து சியாட்டிலைக் கைவிட்டது. அந்த அவமானம் சியாட்டிலின் வணிகர்களை நெடுநாள் உறுத்தியது. 1885இல் நீதிபதி தாமஸ் பர்க், டேனியல் கில்மன் ஆகியோர் தாங்களே ஒரு ரயில் கம்பெனி தொடங்கினார்கள்: சியாட்டில், லேக் ஷோர் அண்டு ஈஸ்டர்ன். பாதை சால்மன் விரிகுடாவின் ஓரமாகப் போனது. பாதை எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்தவர்கள் அங்கே நிலம் வாங்காமல் இருப்பார்களா?

பர்க், கில்மன், ஜான் லியரி ஆகியோர் வெஸ்ட் கோஸ்ட் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற பெயரில் மனை போட்டார்கள். ஊருக்கு முதலில் வைத்த பெயர் கில்மன் பார்க். அவர்களோடு சேர்ந்தவர் கேப்டன் வில்லியம் ராங்கின் பாலார்ட், செஃபிர் என்ற நீராவிப் படகை ஓட்டியவர். கூட்டாளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்றும், அதில் தோற்ற கேப்டனின் தலையில் யாரும் விரும்பாத 160 ஏக்கர் விழுந்தது என்றும் ஒரு கதை. பிறகு ரயில் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை "பாலார்ட் ஜங்ஷன்" என்று கூவ, பெயர் ஒட்டிக்கொண்டதாம். கதையை அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஆனால் 1889 நவம்பரில், சியாட்டிலும் பாலார்ட்டும் இருக்கும் வாஷிங்டன் பிரதேசம் மாநிலமாகி, 1890 ஜனவரியில் இந்த ஊர் நகராட்சியானபோது, பதிவில் ஏறியது பாலார்ட் என்ற பெயர்தான். முதல் மேயர் சார்லஸ் ட்ரீட்.

ஊரின் பிறப்பிலேயே சியாட்டிலின் பணம் இருந்தது. பாலார்ட்டின் தனித்தன்மையைப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

#4 தச்சன் மகன்

மனை போட்டவர்கள் சியாட்டில்காரர்கள். சரி. ஊரை ஊராக்கியவர்கள் யார்? ஆலைத் தொழிலாளிகள். அவர்களைப் பற்றி இன்னும் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

1889 தீயில் எரிந்த சியாட்டிலைத் திரும்பக் கட்ட மரம் வேண்டியிருந்தது. நிலக் கம்பெனி, மரமறுக்கும் ஆலைகளைச் சால்மன் விரிகுடாவின் கரைக்கு இழுத்தது. மிச்சிகனிலிருந்து வந்த ஸ்டிம்சன் குடும்பம் அங்கே பெரிய ஆலையை நடத்தியது. காட்டில் வெட்டிய மரங்களை நீரில் மிதக்கவிட்டு ஆலையின் வாசல் வரை கொண்டுவந்துவிடலாம். அறுத்ததை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றலாம். அந்தக் கரையில் இரண்டும் அமைந்திருந்தன.

எல்லாவற்றையும்விடப் பாலார்ட்டின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது ஷிங்கிள். கூரையில் ஓட்டுக்குப் பதிலாக அடுக்கும் மெல்லிய மரச்சில்லு. ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். சிவப்பு சீடார் மரத்தில் இயல்பாகவே ஒருவகை எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் மழையில் ஊறி அழுகாது. அந்த மரம் சுற்றுவட்டாரத்தில் வானளாவ நின்றது. "உலகின் ஷிங்கிள் தலைநகரம்" என்று பாலார்ட் தன்னை அழைத்துக்கொண்டது.

வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் அந்தப் பட்டத்தின் விலை புரியும். அறுப்பவரின் முன் இரண்டு ரம்பங்கள் சுழலும். ஒன்று மரக்கட்டையிலிருந்து சில்லைச் சீவித் தள்ளும். அதை அவர் வெறுங்கையால் பிடித்து, மற்ற ரம்பத்தில் ஓரம் நேராக்கி, சரிவுக் குழாயில் கீழே போடவேண்டும். கீழே இருப்பவர் அவற்றைக் கட்டுகளாக அடுக்குவார். இடைவிடாமல், நிமிடத்துக்குப் பல பத்துச் சில்லுகள். கவனம் ஒரு நொடி சிதறினால் விரல் போய்விடும். ஷிங்கிள் தொழிலாளியை அவர் கையைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பது அந்தக் கரையோரத்தில் வழக்கமான பேச்சு. விரல் தப்பினாலும் நுரையீரல் தப்பாது. சீடார் தூசு மூச்சிரைப்பைக் கொடுக்கும். "சீடார் ஆஸ்துமா" என்றே அதற்குப் பெயர். என் தந்தை மர வேலை செய்தவர். அறுவைத் தூசு மூச்சை என்ன செய்யும் என்று அவர் அருகில் இருந்து பார்த்தவன் நான். அதனால் இந்தப் பகுதியை என்னால் வேகமாகக் கடந்துபோக முடியவில்லை.

வாக்கெடுப்புக்கு வருகிறேன். ஆலைகள், மரத்தூள் குவியல்கள், மரக் கூரைகள், மரச் சுவர்கள் என்றிருந்த ஊரில் நீரழுத்தம் இல்லை என்றால் அது குடிநீர்ப் பிரச்சினை மட்டுமா? ஒரு பொறி போதும், ஊரே போய்விடும். சியாட்டில் எரிந்ததை நேரில் கண்டவர்கள் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள். 996 பேரில் எத்தனையோ பேர் தீக்குப் பயந்து வாக்களித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

#5 கோமதி

அந்த எண்களைத் திரும்பப் பாருங்கள். 996, 874. இரண்டும் சேர்ந்தால் 1,870. ஊரில் 17,000 பேர். ஒன்பதில் ஒருவர்கூட இல்லை.

"ஊரே வாக்களித்து எடுத்த முடிவு" என்று நெடுவழி எழுதியிருக்கிறார். எந்த ஊர்? வாஷிங்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1910இல். இதில் கசப்பான ஒரு பின்கதை உண்டு. வாஷிங்டன் இன்னும் மாநிலமாகாத 1883இலேயே அங்கே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்திருந்தார்கள். நான்கைந்து ஆண்டுகளில் நீதிமன்றம் அதைப் பறித்தது. 1889இல் மாநில அரசமைப்புக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, பெண் வாக்குரிமை குறித்த கேள்வியை ஆண்கள் தோற்கடித்தார்கள். ஆகவே 1906 நவம்பரில், கிணற்றிலிருந்து நீர் இறைத்தவர்கள், அதைக் காய்ச்சியவர்கள், நீரால் காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் ஆகியோரில் ஒருவருக்குக்கூட அந்தச் சீட்டு கிடையாது.

அதோடு, ஆண்களிலும் பெரும் பகுதியினர் புதிதாகக் குடியேறியவர்கள். குடியுரிமை பெறாதவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. 122 வாக்கில் முடிந்த ஒன்றை ஊரின் மனம் என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. பெண்களுக்கும் வாக்கு இருந்திருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நீரின் அருமை தெரிந்தவர்கள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றிருக்கமாட்டார்கள்.

#6 நெடுவழி

கோமதி அக்கா, இந்தக் கணக்கு என் கேள்வியின் வடிவத்தையே மாற்றிவிட்டது. துக்கம் காத்தவர்கள் யார், சம்மதித்தவர்கள் யார் என்று தனித்தனியாகக் கேட்கவேண்டும் போலிருக்கிறது. நகரமன்றக் கட்டடத்தில் துணி கட்டியவர்கள், பதவி போகும் நிலையில் இருந்தவர்கள் அல்லவா?

இன்னொன்று. பாலார்ட் என்றாலே நார்வே, சுவீடன் என்கிறார்கள். அது பிற்காலத்தில் பூசிக்கொண்ட அடையாளமா, உண்மையிலேயே அப்படி இருந்ததா?

#7 வடமேற்கு வாசி

நான் பாலார்ட் அருகில் குடியிருப்பவன். இந்த இழையைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நெடுவழி, அது பூச்சு அல்ல. நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து அந்த ஆண்டுகளில் மக்கள் திரளாக வந்து குடியேறினார்கள். காரணம் எளிது. மரம் அறுக்கவும் படகு கட்டவும் மீன் பிடிக்கவும் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை காத்திருந்தது. குளிர்ந்த கடலும் ஊசியிலைக் காடும் மழையும் பழகியவர்கள் அவர்கள். லூதரன் தேவாலயங்கள் எழுந்தன. பாலார்ட் அவென்யூ நெடுகிலும் மதுக்கடைகளும் எழுந்தன. ஒரு மதுக்கடைக்கு ஒரு தேவாலயம் என்று கணக்கு வைத்திருந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஷிங்கிள் காலம் முடிந்தபின்னும் ஊர் சோர்ந்துவிடாமல் தாங்கியது மீன்பிடித் தொழில். 1914இல் விரிகுடாவின் தென்கரையில் ஃபிஷர்மென்ஸ் டெர்மினல் திறந்தார்கள். அலாஸ்கா கடலுக்குப் போய் ஹாலிபட், சால்மன் பிடித்துவரும் படகுகள் பருவம் முடிந்து தங்குமிடம் அதுதான். இன்றும் அங்கே படகுகள் நிற்கின்றன, வலை செப்பனிடுகிறார்கள்.

மே 17 நார்வேயின் அரசமைப்பு நாள். ஆண்டுதோறும் அன்று பாலார்ட்டில் ஊர்வலம் நடக்கும். மார்க்கெட் தெருவில் பெர்கன் பிளேஸ் என்ற சிறு பூங்காவை 1975இல் நார்வே மன்னர் ஐந்தாம் ஓலாவ் வந்து திறந்துவைத்தார். மறு ஆண்டு சுவீடன் மன்னர் கார்ல் குஸ்தாவ் வந்தபோது பாலார்ட் அவென்யூவை வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கும் சாசனத்தை வாசித்தார். பழைய பள்ளிக் கட்டடத்தில் 1980இல் தொடங்கிய நார்டிக் அருங்காட்சியகம், 2018இல் மார்க்கெட் தெருவில் புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊர்வலமும் அருங்காட்சியகமும் அதிகமாகக் கண்ணில் படுவதால், அந்த ஊரில் வேறு யாரும் வாழவில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது சரியல்ல.

#8 உப்பங்கழி

வடமேற்கு வாசியின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். இத்தனை பேர் எழுதியும், முதலில் அங்கே இருந்தவர்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

சால்மன் விரிகுடாவின் வடகரையில் ஷில்ஷோல் மக்களின் ஊர் இருந்தது. டுவாமிஷ் மக்களோடு உறவுள்ளவர்கள். மரப்பலகைகளால் அமைத்த நீண்ட பெரிய வீடுகளில் கூட்டாக வாழ்ந்தார்கள். அந்த விரிகுடா அப்போது உப்பங்கழி. கடல் பொங்கினால் நிறையும், வடிந்தால் சேறு தெரியும். அந்தச் சேற்றில் சிப்பி, நீரில் சால்மன். 1855 ஜனவரியில் கையெழுத்தான பாயின்ட் எலியட் உடன்படிக்கையின்படி அப்பகுதி முழுவதையும் வெள்ளையர் அரசு எடுத்துக்கொண்டது. டுவாமிஷ் மக்களுக்குத் தனி நிலம் ஒதுக்கவே இல்லை. அமெரிக்கக் கூட்டரசு அவர்களைத் தனிப் பழங்குடியாக இன்றளவும் ஏற்கவில்லை. அந்த உடன்படிக்கையில் அவர்கள் தலைவர் சியாட்டில் கையொப்பமிட்டிருக்கிறார். நகரம் அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியும் சிலர் கரையை விட்டுப் போகவில்லை. ஹ்வெல்ச்டீட் என்ற முதியவரும் அவர் மனைவியும் தென்கரையில் இருந்தார்கள். குடியேறிகள் அவரை "சால்மன் பே சார்லி" என்று அழைத்தார்கள். அவர் பிடித்த மீனையும் கிளிஞ்சல்களையும் பழங்களையும் வாங்கிச் சாப்பிட்டார்கள், அவர் குடிலைப் படம் எடுத்தார்கள். பிறகு கால்வாய் வேலை வந்தது. 1910களின் நடுவில் அவரும் அங்கிருந்து அகன்றார்.

அந்தக் கால்வாய்தான் பாலார்ட்டின் இரண்டாவது பெரும் திருப்பம். என் கணக்கில் 1907ஐவிடப் பெரியது. வாஷிங்டன் ஏரியையும் யூனியன் ஏரியையும் கடலோடு இணைக்க ராணுவப் பொறியாளர்கள் பாலார்ட்டின் வாசலில் கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகுகளைக் கட்டினார்கள். வேலை 1911இல் தொடங்கியது. முதல் கப்பல்கள் 1916 ஆகஸ்ட் 3 அன்று கடந்தன. திறப்பு விழா 1917 ஜூலை 4. திட்டத்தை வடிவமைத்து வற்புறுத்திய பொறியாளர் ஹிரம் சிட்டென்டனின் பெயரைப் பின்னர் சூட்டினார்கள். பெரிய மதகறை 825 அடி நீளம், 80 அடி அகலம்.

இதனால் என்ன ஆனது என்றால், மதகுக்கு உள்பக்கம் சால்மன் விரிகுடா உப்பங்கழியாக இருப்பதை நிறுத்திக்கொண்டு நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. நீர்மட்டம் நிரந்தரமாக உயர்ந்துவிட்டது. தாழ்ந்த கரையில் இருந்த ஆலைகளும் துறைகளும் அதற்கேற்ப மாறவேண்டியிருந்தது. மறுமுனையில் வாஷிங்டன் ஏரி ஏறத்தாழ ஒன்பது அடி இறங்கியது. அதிலிருந்து வழிந்தோடிய பிளாக் ஆறு வற்றியேபோனது. அந்த ஆற்றங்கரையிலும் டுவாமிஷ் குடும்பங்கள் வாழ்ந்தன. ஒரே வேலையால் இரு கரைகளில் இருந்தவர்களும் இடம் பெயர்ந்தார்கள்.

#9 பழைய வரைபடம்

உப்பங்கழி, மிக நன்றாக எழுதினீர்கள். ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். #2இல் "வழி மூடப்பட்டது" என்றீர்கள். அதில் சியாட்டில் கழுத்தைப் பிடித்தது என்ற தொனி இருக்கிறது. ஆனால் அந்த ஓராண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1907இல் சியாட்டிலுடன் சேர்ந்தது பாலார்ட் மட்டுமல்ல. மேற்கு சியாட்டில், கொலம்பியா சிட்டி, ரவென்னா, சவுத் பார்க் என்று வரிசையாகச் சேர்ந்தன. ஜார்ஜ்டவுன் 1910இல் வந்தது. அத்தனை ஊர்களுக்கும் ஒரே நோய்: குழாய், சாக்கடை, சாலை, பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் கடன் வாங்கவேண்டும், கடனைச் சுமக்க வரி கட்டும் ஆட்கள் போதாது.

1897இல் கனடாவின் யூகான் பகுதிக்குத் தங்கம் தேடி மக்கள் திரண்ட தங்க வேட்டை தொடங்கியதிலிருந்து சியாட்டிலின் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. 1900இல் 80,671 பேர், 1910இல் 237,194 பேர். இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி இணைப்பால் வந்தது என்பது உண்மை. ஆனாலும் அவ்வளவு பெரிய நகரம் பக்கத்தில் எழும்போது, ஆயிரக்கணக்கானோர் வாழும் ஒரு மர ஊர் தனியே நின்று மலையிலிருந்து நீர் கொண்டுவருவது நடக்கிற காரியமா? சியாட்டில் மறுக்காமல் நீர் விற்றிருந்தாலும் பத்தாண்டில் இணைப்பு நடந்தே இருக்கும்.

#10 உப்பங்கழி

நடந்திருக்கலாம். ஆனால் வேறு விலைக்கு நடந்திருக்கும். பேரம் பேசும் நிலையில் இருந்து சேர்வதற்கும், தாகத்தோடு போய்ச் சேர்வதற்கும் வேறுபாடு இல்லையா? பாலார்ட் சேர்ந்ததும் அதன் தெருக்களில் பலவற்றின் பெயர்கள் போய் சியாட்டிலின் எண் வரிசை வந்துவிட்டது. நகரமன்றம் போயிற்று. தன் ஊர் விஷயத்தைத் தானே முடிவுசெய்யும் அதிகாரம் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. அதன்பின் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பாலார்ட், பெருநகரத்தின் ஆலைப் பேட்டையாகவும் மீனவர் பேட்டையாகவும் இருந்தது. திட்டம் போடுபவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். நீர் கிடைத்தது என்பதற்காக இந்த இழப்பை இழப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#11 கோமதி

உப்பங்கழி, தன் ஊர் விஷயத்தைத் தானே முடிவுசெய்யும் அதிகாரம் என்கிறீர்கள். அந்த அதிகாரம் ஊரில் பாதிப்பேருக்குக் கிடைத்ததே கிடையாது. இல்லாத ஒன்றை எப்படி இழப்பார்கள்? குழாயைத் திறந்தால் சுத்தமான நீர் வரும் என்பது அவர்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த ஒன்று. பாலார்ட்டின் துக்கத்தை எழுதுபவர்கள் எல்லோரும் நகரமன்றத்தின் மாடியிலிருந்தே எழுதுகிறார்கள். அடுக்களையிலிருந்து எழுதினால் 1907 மே 29 வேறு நாளாக இருக்கும்.

#12 தச்சன் மகன்

கோமதி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆலைத் தொழிலாளியின் விரலுக்கு நகரமன்றமும் பொறுப்பேற்கவில்லை, சியாட்டிலும் பொறுப்பேற்கவில்லை. மாநில அரசு 1911இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபிறகுதான், அடிபட்டவர் வழக்குப் போட்டு அலையாமல் பணம் பெற வழி பிறந்தது. எல்லைக் கோடு மாறியதைவிட அந்தச் சட்டம் ஆலைக்கரைக் குடும்பங்களுக்குப் பெரிது.

#13 நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. கேள்வி மூன்று மடங்காகப் பெருகிவிட்டது. வடமேற்கு வாசி, இன்று அந்தப் பழைய ஊரில் கண்ணால் காணக் கிடைப்பது என்ன? அடுத்த கோடையில் உறவினர் வீட்டுக்கு சியாட்டில் வரும் திட்டம் இருக்கிறது.

#14 வடமேற்கு வாசி

கட்டாயம் வாருங்கள். வருமுன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏமாறாமல் இருப்பீர்கள்.

கறுப்புத் துணி கட்டிய அந்த நகரமன்றக் கட்டடம் இப்போது இல்லை. 1965 ஏப்ரல் நிலநடுக்கத்தில் சேதமடைந்தது, இடித்துவிட்டார்கள். அதன் மணி மட்டும் தப்பியது. பாலார்ட் அவென்யூவும் 22ஆம் அவென்யூவும் சேரும் முக்கில் ஒரு சிறு கோபுரத்தில் அதை வைத்திருக்கிறார்கள். கார்னகி நூலகக் கட்டடம் மார்க்கெட் தெருவில் நிற்கிறது. 1963 வரை நூலகமாக இருந்தது, இப்போது வேறு பயன்பாட்டில். பாலார்ட் அவென்யூவின் செங்கல் கட்டடங்கள் பெரும்பாலும் அந்த நகராட்சிக் காலத்தவை. தெரு நேராகப் போகாமல் கரையை ஒட்டிச் சாய்ந்து போவதைக் கவனியுங்கள்.

அந்தப் பழைய ரயில் பாதையின் பெரும் பகுதி இன்று பர்க்-கில்மன் பாதை, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். #3இல் வந்த அதே பர்க், அதே கில்மன். ஆனால் பாலார்ட்டுக்குள் மட்டும் அது ஒன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவாக அறுந்து கிடக்கிறது. அதை இணைப்பதா, மிச்சமிருக்கும் தொழிற்கூடங்களுக்கு லாரி வந்துபோக விடுவதா என்று பல்லாண்டுகளாக வழக்கும் வாதமும் நடக்கின்றன. சைக்கிள் ஓட்டுபவன் நான். இருந்தாலும் கரையோரத்தில் கடைசியாக எஞ்சியிருக்கும் பட்டறைகளின் அச்சம் நியாயமானது என்றே சொல்வேன்.

மற்றபடி ஊர் முகம் மாறிவிட்டது. சிறு மர வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள். இடித் மேஸ்ஃபீல்டு என்ற மூதாட்டியின் வீடு உலகச் செய்தியானது உங்களுக்கு நினைவிருக்கும். பத்து லட்சம் டாலர் வரை கொடுக்க முன்வந்தும் அவர் வீட்டை விற்க மறுத்தார். அவர் வீட்டை மூன்று பக்கமும் அணைத்துக்கொண்டு வணிகக் கட்டடம் எழுந்தது. 2008இல் தன் 86ஆம் வயதில் அவர் அதே வீட்டில் இறந்தார். "பாலார்ட்டை விடுதலை செய்" என்ற வாசக ஒட்டி இன்னும் சில கார்களில் தென்படும். இளைஞர்கள் சிரித்துக்கொண்டு ஒட்டுகிறார்கள். முதியவர்கள் சிலர் சிரிப்பதில்லை.

#15 நெடுவழி

மதகுகளைப் பார்க்கக் கட்டணம் உண்டா? எந்த மாதம் நல்லது?

#16 வடமேற்கு வாசி

கட்டணம் கிடையாது. மீன்கள் ஏறிச்செல்ல 1976இல் புதுப்பித்துக் கட்டிய மீன் ஏணி தென்கரைப் பக்கம் இருக்கிறது. கண்ணாடி வழியாக நேரில் பார்க்கலாம். சாக்கை வகைச் சால்மன் என்றால் ஜூலை, சினூக் என்றால் ஆகஸ்டு இறுதியும் செப்டம்பரும். நகர மையத்திலிருந்து 40ஆம் எண் பஸ் அல்லது டி லைன் பஸ்ஸில் வந்துவிடலாம். ரயில் பாதைக்கு 2016இல் மக்கள் வாக்களித்தாயிற்று, ரயில் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் கார் வேண்டாம். பாலார்ட் அவென்யூவில் உழவர் சந்தை போடுவார்கள், நிறுத்த இடம் கிடைக்காது.

#17 உப்பங்கழி

மீன் ஏணிக்குப் போனால் தென்கரையில் சற்று நேரம் நில்லுங்கள், நெடுவழி. ஹ்வெல்ச்டீட்டின் குடில் அந்தப் பக்கம்தான் இருந்தது. பழைய வரைபடம் அவர்களே, 1907க்கு முந்தைய தெருப்பெயர்களையும் இன்றைய எண்களையும் அருகருகே வைத்து இங்கே இட முடியுமா? அந்த வேலையைச் செய்யக்கூடியவர் நீங்கள்தான்.

#18 பழைய வரைபடம்

செய்கிறேன். பழைய மனை வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கவேண்டும், அவசரமாகச் செய்தால் தவறு வரும். தயாரானதும் இதே இழையில் இடுகிறேன். அதற்கிடையில் #10இல் உள்ள வாதத்துக்கு என் பதிலும் பாக்கி இருக்கிறது, உப்பங்கழி. அதை நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.